ஓட்மார் மெர்கென்தாலர்: பட்டறையை விட்டு விலகாத ஒரு புலம்பெயர்ந்தவர்

ஈய எழுத்துக் கோத்து வாழ்ந்த அச்சுக்கோப்பாளர்களுக்கும், அச்சு இயந்திரங்களைப் பழுதுபார்த்துவரும் மெக்கானிக்குகளுக்கும், அவர்தம் குடும்பத்தாருக்கும் எழுதப்படும் திறந்த மடல்



அச்சுத்தொழிலின் வரலாற்றை எழுதுவோர், யோகான் கூட்டன்பர்க்குக்கு அடுத்த இடத்தை ஓட்மார் மெர்கென்தாலருக்கு ஒதுக்கி, அவரை இரண்டாம் கூட்டன்பர்க் என்று புகழ்வது வழக்கம். ஜெர்மனியின் சிற்றூர் ஒன்றில் பிறந்து, 18 வயதில் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்து, ஒரு வரி முழுவதையும் ஒரே ஈயக் கட்டியாக வார்த்துத் தரும் லினோடைப் என்னும் இயந்திரத்தை உருவாக்கி, 45 வயதில் காசநோயால் மறைந்த அவருக்கு அந்தப் புகழ் மிகையன்று. ஆனால் மேதை என்று சொல்லி அவரை உயரத்தில் ஏற்றி வைத்துவிடும்போது, பிறர் கொண்டுவந்த பழுதான பொருளைத் திருத்திக் கொடுத்துப் பிழைத்த பட்டறைக்காரரும், அந்தப் பிழைப்பைக்கொண்டு ஐந்து பிள்ளைகளை வளர்த்த குடும்பத்தலைவரும் கண்ணில் படாமற் போகின்றனர். அவரைக் கண்டுபிடிப்பாளராக நினைப்பதைவிட மெக்கானிக்காக நினைவுகூர்வதே அவருக்குப் பொருந்தும் என்பது இம்மடலின் கருத்து. அக்கருத்தை எடைபோடும் தகுதி, ஈயத்தூளிலும் இயந்திர எண்ணெயிலும் வாழ்நாளைக் கழித்த உங்களுக்கே மிகுதி என்பதால் இது உங்களை நோக்கி எழுதப்படுகிறது.

மெர்கென்தாலர் 1854 மே 11 அன்று, தென்மேற்கு ஜெர்மனியில் அக்காலத்தில் தனி அரசாக விளங்கிய வூர்ட்டம்பர்க்கைச் சேர்ந்த ஹாக்டெல் என்ற ஊரில் பிறந்தார். தந்தை கிராமப் பள்ளி ஆசிரியர். தாய் இளமையிலேயே இறந்துவிட, தந்தை மறுமணம் செய்துகொண்டார். பிள்ளைப் பருவத்தின் பெரும்பகுதி என்சிங்கன் என்ற மற்றோர் ஊரில் கழிந்தது. ஆசிரியருக்குக் கிடைத்த ஊதியம் குறைவு, வீட்டில் உண்ணும் வாய்கள் பல. ஆகவே அடுப்பு மூட்டுவது, பாத்திரம் துலக்குவது, பன்றிகளுக்குத் தீனி வைப்பது, தோட்டத்தில் மண் கிளறுவது எனப் பள்ளி நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் வீட்டு வேலைகளே பிள்ளைகளுக்கு வாய்த்தன. மகனும் தம்மைப்போல் ஆசிரியராக வேண்டுமென்று தந்தை விரும்பினார். நெடுங்காலப் படிப்பையும் அதன்பின் கிடைக்கும் சொற்ப வருவாயையும் வீட்டிலேயே கண்கூடாகப் பார்த்திருந்த மகனுக்கு அதில் நாட்டமில்லை. ஊர்த் தேவாலயத்தின் கோபுரத்தில் பழுதாகி நின்றுபோயிருந்த கடிகாரத்தை அச்சிறுவன் ஏறிச் சென்று ஓடவைத்தான் என்ற செய்தி அவருடைய வாழ்க்கை வரலாறுகளில் எல்லாம் இடம்பெறுகிறது. அதை மேதைமையின் முதற்கீற்றாகக் காட்டுவது எளிது. பிறருடைய பழுதைத் திருத்துவதில் ஒருவருக்கு ஏற்பட்ட முதற்சுவை என்று கொள்வதே அவருடைய பிற்கால வாழ்வோடு ஒத்துப்போகிறது.

14 வயதில் அவர் பீட்டிக்ஹைம் நகரில் கடிகாரப் பட்டறை வைத்திருந்த லூயிஸ் ஹாலிடம் தொழில் பழகச் சேர்ந்தார். ஹால் சிற்றன்னையின் உடன்பிறந்தவர், அதாவது முறைக்கு மாமன்; ஆயினும் உறவு என்பதற்காக நிபந்தனைகள் தளர்த்தப்படவில்லை. ஜெர்மானியக் கைத்தொழில்களில் தொழில்பழகுநர் என்பவர், குறிப்பிட்ட ஆண்டுகள் ஆசானின் வீட்டிலேயே தங்கி, உணவும் படுக்கையும் பெற்றுக்கொண்டு, சம்பளமின்றி உழைத்து, கடைசியில் தேர்ந்த கைவினைஞராக வெளியேறுபவர். மெர்கென்தாலருக்கு வகுக்கப்பட்ட காலம் 4 ஆண்டுகள். அது முடிவதற்கு முன்பே மாமன் அவருக்குக் கூலி கொடுக்கத் தொடங்கியது அந்தப் பட்டறையில் அரிய நிகழ்வு. ஓய்வு நேரங்களில் தொழில்நுட்ப வகுப்புகளுக்குச் சென்று இயந்திர வரைபடம் வரையவும் அவர் கற்றுக்கொண்டார். கடிகாரத் தொழிலில் அரத்தின் ஓர் இழுப்பு அதிகமானாலும் சக்கரம் வீணாகிவிடும். பல்லுக்குப் பல் பொருந்தவில்லையென்றால் எந்த விளக்கமும் அதை ஓடவைக்காது. பித்தளையோடு பழகிய அந்த நான்கு ஆண்டுகளின் கண்டிப்பு, பின்னாளில் அவர் செய்த ஒவ்வோர் இயந்திரத்திலும், முதலாளிகளோடு போட்ட ஒவ்வொரு சண்டையிலும் வெளிப்பட்டது.

பழகுகாலம் முடிந்தபோது நாட்டின் நிலை மாறியிருந்தது. பிரான்சுடன் நடந்த போர் 1871இல் முடிந்து, வூர்ட்டம்பர்க் புதிய ஜெர்மானியப் பேரரசில் இணைந்திருந்தது. போரிலிருந்து திரும்பிய ஆண்கள் வேலை தேடி அலைந்தனர். வயதுவந்த இளைஞர்களுக்குக் கட்டாயப் படைச்சேவை காத்திருந்தது. மாமனின் மகனான ஆகஸ்ட் ஹால் ஏற்கெனவே அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் மின்கருவிப் பட்டறை நடத்திவந்தார். கப்பற் கட்டணத்தை அவர் கடனாக அனுப்பினால் கூலியில் கழித்துத் தருவதாக மெர்கென்தாலர் எழுதினார், கட்டணம் வந்தது. 1872 அக்டோபரில் அவர் பால்டிமோர் துறைமுகத்தில் இறங்கினார். பிரேமன் துறைமுகத்துக்கும் பால்டிமோருக்கும் இடையே 1868 முதல் நேரடிக் கப்பல்கள் ஓடின. அவற்றில் வந்தவர்கள் லோகஸ்ட் பாயிண்ட் என்ற கரைப்பகுதியில் இறங்கி, அங்கேயே ரயிலேறி உள்நாட்டுக்குச் சென்றனர். பின்னாளில் தம் பெயரில் அவர் நடத்திய தொழிற்கூடமும் அதே லோகஸ்ட் பாயிண்டில்தான் அமைந்தது. முன்பணம் வாங்கிக் கடல் கடந்து, உறவினர் ஒருவரின் பட்டறையில் கடனைக் கழிக்கும் வாழ்க்கை, வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் பிள்ளைகளை அனுப்பிய குடும்பங்களுக்கு விளக்கம் தேவைப்படாத ஒன்று.

ஆகஸ்ட் ஹாலின் பட்டறை அவருக்கு இரண்டாம் பள்ளியாயிற்று. வானிலைப் பதிவுகளை நடத்திவந்த அமெரிக்கப் படைத்துறையின் சமிக்ஞைப் பிரிவுக்கு மழைமானி, காற்றளவி முதலிய கருவிகள் அங்கே செய்யப்பட்டன. அதனினும் முக்கியமானது காப்புரிமை மாதிரிகள் செய்யும் வேலை. புதிய கருவிக்கு உரிமை கோருவோர் அதன் சிறு உருவம் ஒன்றையும் அலுவலகத்தில் ஒப்படைக்கவேண்டும் என்ற நடைமுறை அமெரிக்காவில் 1880 வரை இருந்ததால், நாடு முழுவதிலுமிருந்து கண்டுபிடிப்பாளர்கள் தத்தம் கனவுகளைத் தாளில் சுருட்டிக்கொண்டு வாஷிங்டன் பட்டறைகளுக்கு வந்தனர். அவற்றை உலோகத்தில் வடித்துக் கொடுத்தவர்களுக்கு, எந்தக் கனவு ஓடும், எது முதற்சுற்றிலேயே சிக்கிக்கொள்ளும் என்பது கைப்பழக்கமாகத் தெரிந்துவிட்டது. மெர்கென்தாலர் விரைவிலேயே அந்தப் பட்டறையின் தலைமைப் பணியாளரானார். தொழில்மந்தம் காரணமாக ஹால் பட்டறையைப் பால்டிமோருக்கு மாற்றியபோது அவரும் உடன் சென்று, பிறகு பங்காளியானார். 1878இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார்.

1876 ஆகஸ்டில் அந்தப் பட்டறைக்கு ஒரு பழுதான இயந்திரம் வந்துசேர்ந்தது. சார்ல்ஸ் மூர் என்பவர் வகுத்த அது, தட்டச்சுப்பொறி போன்ற விசைகளால் தாள்நாடாவில் எழுத்துகளை மையிட்டு, அந்நாடாவை வரிவரியாக வெட்டிக் கல்லச்சுக்கு மாற்றுவதற்கானது. கல்லச்சு என்பது, தாளிலுள்ள கொழுப்பு மையைச் சமமான கல்லின்மேல் படியச்செய்து அதிலிருந்து படியெடுக்கும் முறை. அதற்குப் பணம் போட்டவர்களில் முதன்மையானவர் ஜேம்ஸ் கிளெஃபேன் என்ற நீதிமன்றச் சுருக்கெழுத்தர். ஷோல்ஸ் என்பவரின் தட்டச்சுப்பொறியை அதன் தொடக்க காலத்தில் ஓயாமல் சோதித்து, ஒன்றன்பின் ஒன்றாக உடைத்து, குறைகளை எழுதி அனுப்பியவரும் அவரே. சுருக்கெழுத்தில் நொடியில் எழுதியதை அச்சில் கொண்டுவர நாள்கணக்கில் காத்திருக்கவேண்டியிருந்த எரிச்சலே அவரைச் செலுத்தியது. வந்த இயந்திரத்தைப் பார்த்த மெர்கென்தாலர், குறை செய்நேர்த்தியில் மட்டுமன்று, வகுத்த முறையிலேயே இருக்கிறது என்று கூறித் திருத்தித்தர ஒப்புக்கொண்டார். லினோடைப்பின் வரலாறு இவ்வாறு ஒரு ரிப்பேர் வேலையில் தொடங்குகிறது.

அடுத்த ஏழெட்டு ஆண்டுகள் பெரும்பாலும் தோல்விகளே. மூரின் இயந்திரம் ஓடியது. கல்லச்சில் எழுத்து தெளிவாக விழவில்லை. பிறகு, ஈரமான தாட்கூழில் எழுத்துகளைக் குத்திப் பள்ளமாக்கி, அந்தப் பள்ளங்களில் ஈயத்தை ஊற்றும் முறையைக் கிளெஃபேன் முன்வைத்தார். தாட்கூழ் ஈயத்தோடு ஒட்டிக்கொள்ளும், ஓர் எழுத்து குத்தப்படும்போது அண்டை எழுத்து நசுங்கும் என்பன போன்ற தடைகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்தன. இந்த ஆண்டுகளில் அவருடைய பட்டறை இதையே நம்பியிருக்கவில்லை. கருவிகள் செய்யும் அன்றாட வேலையே சோறு போட்டது. 1883இல் ஹாலின் கூட்டை விட்டுப் பிரிந்து, பால்டிமோரின் பேங்க் லேன் என்ற சந்தில் அவர் சொந்தப் பட்டறை தொடங்கினார்.

குத்துவதற்கு ஓர் இயந்திரம், வார்ப்பதற்கு மற்றோர் இயந்திரம் என ஏன் இரண்டு வேண்டும், கோத்த கையோடு அதே இயந்திரத்தில் வார்த்துவிட்டால் என்ன என்ற எண்ணம், ரயில் பயணம் ஒன்றின்போது அவருக்குத் தோன்றியதாக அவருடைய வரலாறு கூறுகிறது. எழுத்து வடிவங்கள் பள்ளமாகப் பொறிக்கப்பட்ட பித்தளைப் பட்டைகளை ஏற்றி இறக்கி ஒரு வரியை அமைத்து, அதன்மேல் உருகிய உலோகத்தைச் செலுத்தும் பட்டை இயந்திரத்துக்கு 1884 ஆகஸ்ட் 26 அன்று காப்புரிமை கிடைத்தது. அதைப் பார்த்தவர்கள் வியந்தனர், செய்தவருக்கு நிறைவில்லை. பட்டையில் ஒரு தவறு நேர்ந்தால் வரி முழுவதும் கெடும் என்பதால், ஒவ்வோர் எழுத்துக்கும் தனித்தனி வில்லை இருக்கவேண்டும் என்று முடிவுசெய்து, தொடக்கத்திலிருந்து மீண்டும் வரைந்தார். முதலீட்டாளர்கள் கைதட்டிய வேளையில் தம் சொந்த வெற்றியைக் கழற்றிப்போட்ட அந்தத் துணிவு, காப்புரிமைத் தாளைவிடப் பெரியது. புதிய இயந்திரம் 1886 ஜூலை 3 அன்று நியூயார்க் டிரிப்யூன் நாளிதழின் பக்கங்களுக்கு எழுத்து வார்க்கத் தொடங்கியது. மறு ஆண்டில், திறந்தவெளி விளையாட்டுகளைப் பற்றி அந்நாளிதழ் வெளியிட்ட நூல், லினோடைப்பில் கோக்கப்பட்ட முதல் புத்தகமாயிற்று.

இயந்திரத்தின் இயக்கத்தைச் சற்று விரிவாகச் சொல்வது இவ்விடத்தில் தகும். ஏனெனில் அதன் அழகு அதன் பயனைவிடக் குறைந்ததன்று. 1890இல் நிலைபெற்ற வடிவத்தில், சரிந்த கூரைபோல் அமைந்த மேகசின் எனப்படும் தட்டைப்பெட்டியின் தடங்களில் பித்தளை வில்லைகள் அடுக்கப்பட்டிருக்கும். மேட்ரிக்ஸ் என்று வழங்கும் அவ்வில்லை ஒவ்வொன்றின் ஓரத்திலும் ஓர் எழுத்தின் வடிவம் பள்ளமாகப் பொறிக்கப்பட்டிருக்கும். பிற்காலத்தில் பொதுவாக 90 என்று அமைந்த விசைகளில் ஒன்றைத் தட்டினால் அதற்குரிய வில்லை தன் எடையாலேயே கீழே இறங்கி வரிசையில் நிற்கும். சொற்களுக்கிடையே ஆப்பு வடிவ இடைவெளித் துண்டுகள் விழும். வரி நிறையும் தறுவாயில் அந்த ஆப்புகள் கீழிருந்து மேலே தள்ளப்பட, எல்லா இடைவெளிகளும் ஒரே அளவாக விரிந்து வரி இரு ஓரமும் சரியாக நிற்கும். கையால் கோப்பவர் ஸ்டிக்கை இடக்கையில் பிடித்துக்கொண்டு மெல்லிய துண்டுகளைச் செருகிச் செருகி முடிக்கும் வேலை, இங்கே ஒரே அழுத்தத்தில் முடிந்துவிடுகிறது. அடுத்து வில்லைகளின் வரிசை அச்சுவாய்க்கு எதிரே நிற்க, ஈயமும் ஆன்ட்டிமனியும் வெள்ளீயமும் கலந்து உருகிய உலோகம் பீச்சப்பட்டு உடனே இறுகி, எழுத்துகள் புடைத்து நிற்கும் ஒரு கட்டியாக வெளியே விழுகிறது. இந்த ஆப்பு முறைக்கான உரிமை ஜேக்கப் ஷக்கர்ஸ் என்ற வேறொருவரிடம் இருந்ததால், லினோடைப்பைத் தயாரித்த நிறுவனம் அதைப் பெரும் விலைகொடுத்து வாங்க நேர்ந்தது என்பதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை.

எழுத்தைப் பிரித்துப்போடும் சலிப்பை அறிந்தவர்களுக்கு, இதற்கு அடுத்த கட்டமே மிகவும் பிடித்துப்போகும். வார்த்து முடிந்ததும் ஒரு நெடிய கை இறங்கி வில்லைகளை எடுத்து உச்சிக்குக் கொண்டுசெல்லும். ஒவ்வொரு வில்லையின் தலையிலும் V வடிவப் பள்ளத்தில் இருபுறமும் ஏழேழு பற்களுக்கான இடம் உண்டு. எழுத்துக்கு எழுத்து அவற்றுள் சில இருக்கும், சில இரா. மேலே உள்ள நீண்ட தண்டிலும் அவ்வாறே பல்வரிசைகள் ஓடி, ஒவ்வொரு தடத்துக்கும் நேர்மேலே குறிப்பிட்ட பற்கள் மட்டும் அற்றுப்போகும். பூட்டுக்குள் தன் சாவி மட்டும் திரும்புவதுபோல, தன் பற்களைத் தாங்கும் வரி முடிகிற இடத்தில் மட்டும் வில்லை பிடியிழந்து தன் தடத்திலேயே விழுகிறது. கணிப்பொறிகள் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, உண்டு இல்லை என்ற இரண்டே குறிகளால் எழுத்துகளை அடையாளம் காணும் முறையைக் கடிகாரக்காரர் ஒருவர் பித்தளையில் அறுத்துவைத்திருந்தார்.

இதே காலத்தில் ஜேம்ஸ் பேஜ் என்பவர் வேறொரு கோப்பு இயந்திரத்தை உருவாக்கிக்கொண்டிருந்தார். இளமையில் தாமே அச்சுக்கோப்பாளராக இருந்த எழுத்தாளர் மார்க் ட்வைன் அதில் தம் செல்வத்தையெல்லாம் கொட்டி, 1894இல் நொடித்துப்போனார். ஏறத்தாழ 18,000 உறுப்புகள் கொண்ட பேஜின் இயந்திரம், மனிதக் கையைப் போலவே தனி எழுத்துகளை எடுத்து, அடுக்கி, திரும்பப் பிரித்துப்போட முயன்றது. ஓடும்போது அற்புதமாக ஓடிய அது, நின்றால் சீர்செய்ய அதைப் படைத்தவரே வரவேண்டியிருந்தது. மெர்கென்தாலர் கையைப் போலச்செய்யும் முயற்சியையே கைவிட்டு, எழுத்தை எடுக்காமல் அச்சுக்குழியை எடுத்தார். பழுது நேர்ந்தால் இன்னொரு மெக்கானிக் திறந்து பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய வகையில் உறுப்புகளை அமைத்தார். பழுதுபார்த்துப் பழகியவர் செய்த இயந்திரத்துக்கும் அப்படிப் பழகாதவர் செய்த இயந்திரத்துக்கும் உள்ள வேறுபாடு இது என்று சொன்னால் பேஜுக்குச் சற்று அநீதியாகலாம், முற்றிலும் தவறாகாது.

லினோடைப் வந்த பின்னும் தமிழ் அச்சகங்களில் தனி எழுத்துகளைக் கேஸிலிருந்து பொறுக்கிக் கோக்கும் முறை 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை நீடித்ததற்குப் பல காரணங்கள் உண்டு; எழுத்துகளின் எண்ணிக்கை அவற்றுள் ஒன்று. ஆங்கிலத்தின் பெரிய, சிறிய எழுத்துகளும் எண்களும் குறிகளும் 90 தடங்களுக்குள் அடங்கிவிடும். தமிழில் கால், கொம்பு முதலியவற்றைத் தனித் துண்டுகளாக வைத்துக்கொண்டாலும், அகர வரிசை, புள்ளி எழுத்துகள், இகர ஈகார உகர ஊகார வரிசைகள் ஆகியவை ஒவ்வொன்றும் பதினெட்டாகத் தனித்தனி வார்ப்புக் கேட்பதால் அவையே 108 ஆகிவிடுகின்றன. உயிரெழுத்துகளும் கிரந்தமும் அதற்கு மேல். பெரியார் தம் இதழ்களில் 1935 முதல் கையாண்டு, தமிழக அரசு 1978இல் ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பின்னால் இந்த அச்சுக்கூடக் கணக்கும் இருந்தது. அந்த ஆண்டு ஜூலை மாதத்திலேயே நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் தன் லினோடைப்புகளை நிறுத்திக் கணிப்பொறிக்கு மாறியது தற்செயல் ஒற்றுமை.

அமெரிக்காவில் லினோடைப் வந்தபோது அச்சுக்கோப்பாளர்கள் அஞ்சினர். அஞ்சியதில் நியாயம் இருந்தது. கையால் கோக்கும் நால்வர் ஐவரின் வேலையை ஒருவர் விசைப்பலகை முன் அமர்ந்து முடித்துவிட முடிந்தது. பல ஊர்களில் முதுமையை எட்டியவர்களும் புதிய விசைப்பலகை கைவராதவர்களும் வேலையிழந்தனர். அமெரிக்க அச்சுக்கோப்பாளர் சங்கம் இயந்திரத்தை உடைக்கச் சொல்லவில்லை. தட்டச்சு தெரிந்த மலிவான வெளியாட்களிடம் அதை ஒப்படைக்காமல், முறையாகத் தொழில் பழகிய கோப்பாளர்களையே அதில் அமர்த்தவேண்டும் என்று வலியுறுத்திப் பெருமளவு வென்றது. நாளிதழ்களின் பக்கங்கள் பெருகப் பெருக வேலையும் பெருகியதால், இயந்திரம் தொழிலாளருக்கு நன்மையே செய்தது என்று நிறுவன வரலாறுகள் எழுதிவைத்திருக்கின்றன. மொத்தக் கணக்கில் அது சரியே. மொத்தக் கணக்கில் இடம்பெறாத வயோதிகக் கோப்பாளரின் வீட்டு அடுப்பை அக்கணக்கு பார்ப்பதில்லை.

முதலாளிகளோடு மெர்கென்தாலர் கொண்ட பிணக்கு, பணத்தைப் பற்றியது என்று பொதுவாகக் கூறப்படுகிறது. டிரிப்யூன் இதழின் வைட்லா ரீட் தலைமையில் நாளிதழ் அதிபர்கள் சிலர் கூட்டாக நிறுவனத்தின் பிடியைக் கைப்பற்றிய பின், குறைகள் முழுதும் களையப்படும் முன்பே பெருந்தொகையில் இயந்திரங்களைச் செய்து தங்கள் அச்சகங்களில் நிறுத்தவேண்டும் என்று விரைவுபடுத்தினர். அவரோ, வில்லைகளைத் துல்லியமாக அறுக்கும் துணைக்கருவிகள் முதலில் செய்யப்படவேண்டும், கையாட்களுக்குப் பயிற்சி தரவேண்டும், காற்றழுத்தத்தால் வில்லையைத் தள்ளும் முறையை மாற்றவேண்டும் என்று நின்றார். உரிமைத்தொகை குறித்த மனக்கசப்பும் சேர்ந்துகொள்ள, 1888இல் அவர் பொறுப்பிலிருந்து விலகினார். உற்பத்தி பிறகு நியூயார்க்கின் புரூக்ளினுக்குச் சென்றது. விலகியவர் சும்மா இருக்கவில்லை. தம் பட்டறையிலேயே, தாம் சொன்ன மாற்றங்களையெல்லாம் செய்து, காற்றழுத்தத்தை நீக்கி, புவியீர்ப்பால் வில்லை தானே இறங்கும் புதிய வடிவத்தை 1890இல் முடித்தார். உலகெங்கும் பரவியது அந்த வடிவமே. பணத்துக்காக மட்டும் சண்டையிட்டவர், சண்டைக்குப் பின் எதிராளியின் பொருளைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கமாட்டார்.

இவ்வளவுக்கும் நடுவே ஒரு வீடு இருந்தது. பால்டிமோரின் ஜெர்மானியக் குடும்பம் ஒன்றைச் சேர்ந்த எம்மா லாகென்மாயரை அவர் 1881 செப்டம்பரில் மணந்தார். ஐந்து பிள்ளைகள் பிறந்தனர். கண்டுபிடிப்பாளரின் மனைவியைப் பற்றி வரலாற்று நூல்கள் பெயரோடு நிறுத்திக்கொள்கின்றன. ஆனால் காலவரிசையை ஒப்பிட்டுப் பார்த்தால் அவர் தாங்கிய சுமை தெரியும். மணமாகி இரண்டு ஆண்டுகளில் கணவர் நிலையான கூட்டுத்தொழிலை விட்டுவிட்டுச் சொந்தப் பட்டறை தொடங்குகிறார். ஏழாம் ஆண்டில் நிறுவனப் பொறுப்பைத் துறக்கிறார். அதே ஆண்டில் நுரையீரல் உறையழற்சியில் படுக்கிறார். இடையிலுள்ள ஆண்டுகளில் எல்லாம் வீட்டில் சிறு குழந்தைகள். மெர்கென்தாலர் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் உரிமைத்தொகையை விடாப்பிடியாகக் கேட்டதைப் பேராசை என்று அக்காலத்தில் சிலர் நினைத்திருக்கலாம். தந்தையின் ஆசிரியர் ஊதியத்தில் பன்றித்தீனி சுமந்து வளர்ந்த ஒருவர், தம் பிள்ளைகளுக்கு அது நேராதபடி கேட்ட கூலியாகவும் அதைக் கொள்ளலாம். 

1894இல் அவருக்குக் காசநோய் என்பது உறுதியாயிற்று. அந்நோய்க்கு மருந்தில்லாத காலம் அது. வறண்ட, உயரமான நிலத்தின் காற்றே மருத்துவமாகக் கருதப்பட்டதால், அவர் அரிசோனாவுக்கும் பிறகு நியூ மெக்சிகோவின் டெமிங் என்ற ஊருக்கும் சென்று தங்கினார். அங்கே 1897இல் வீடு தீப்பற்றி எரிந்தபோது, தம் வாழ்க்கையைப் பற்றி எழுதிவைத்திருந்த குறிப்புகளும் எரிந்தன. உடல் தேறாமல் பால்டிமோருக்குத் திரும்பியவர், மீண்டும் அதை எழுதச்செய்து 1898இல் நூலாக அச்சிட்டார். ஓட்மார் மெர்கென்தாலரின் வரலாறும் லினோடைப்பின் வரலாறும் என்ற பொருள்பட அமைந்த அந்நூல், வேறொருவர் எழுதுவதுபோல் அவர் என்றே அவரைக் குறிப்பிட்டுச் செல்கிறது. கடிகாரப் பட்டறையின் நிபந்தனைகள், பழுதாக வந்த இயந்திரத்தின் குறைகள், முதலாளிகளுடன் நடந்த கடிதப் போக்குவரத்து, எந்த உறுப்பு ஏன் மாற்றப்பட்டது என்ற விளக்கம் ஆகியவை அதில் நிறைந்திருக்கின்றன. தம்மைப் பற்றிய புகழும் குறைவில்லை என்பதை மறைக்கவேண்டியதில்லை. நோயுற்ற நிலையிலும் கூடை செய்யும் இயந்திரம் ஒன்றில் அவர் கைவைத்திருந்தார். 1899 அக்டோபர் 28 அன்று, கப்பலிலிருந்து இறங்கிய அதே நகரில், இறங்கி 27 ஆண்டுகள் கழித்து இறந்தார். பால்டிமோரின் தொழிற்பயிற்சி உயர்நிலைப்பள்ளி ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்குகிறது. பெரிய பல்கலைக்கழகக் கட்டடம் ஒன்றுக்கும் அவர் பெயர் உண்டு. இரண்டில் பொருத்தமானது பள்ளியே.

இம்மடல் உங்களிடம் வைக்கும் வேண்டுகோள் அந்த 1898ஆம் ஆண்டு நூலிலிருந்து பிறந்தது. மெர்கென்தாலரின் பட்டறை இவ்வளவு நுணுக்கமாகத் தெரியவருவதற்குக் காரணம், எரிந்துபோன பின்னும் அவர் அதை இரண்டாம் முறை எழுதச்செய்தார் என்பதே. தமிழ் அச்சகங்களின் வரலாற்றை எழுத முனைவோருக்கு நூல்களும் இதழ்களும் ஏராளமாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கோத்தவர்கள், இயந்திரத்தைப் பூட்டியவர்கள் விட்டுச்சென்ற எழுத்து மிகக் குறைவு. கேஸில் எந்த எழுத்து எந்த அறையில் இருந்தது, உங்கள் ஊரில் அது எப்படி மாறுபட்டது, பாரம் பூட்டும்போது எதைச் சரிபார்ப்பீர்கள், ட்ரெடிலில் உருளை தேய்ந்தால் கையில் கிடைத்த எதைக்கொண்டு சமாளித்தீர்கள், உதிரிப்பாகம் கிடைக்காத காலத்தில் எந்த லேத் பட்டறை அதைக் கடைந்து கொடுத்தது, தொழில் கற்றுக்கொடுத்த ஆசானின் பெயர் என்ன, முதற்கூலி எவ்வளவு, ஆஃப்செட் வந்த ஆண்டில் வேலையிலிருந்து நின்றவர்கள் எத்தனை பேர், அவர்கள் பிறகு என்ன செய்தனர் என்பவற்றைப் பெயர், ஊர், ஆண்டு ஆகியவற்றோடு எழுதிவைக்க வேண்டும். எழுதக் கை நடுங்குமாயின், பேரப்பிள்ளைகளிடம் சொல்லிப் பதிவுசெய்யச் சொல்லலாம். ஈயத்தின் நச்சால் நேர்ந்த உடல்நலக் கேட்டையும் விட்டுவிடாமல் சொல்லவேண்டும். ஒரு படி வீட்டில் இருக்கட்டும், மற்றொரு படி ஊர் நூலகத்துக்குச் செல்லட்டும்.